அங்காலை திரும்பி நின்றவர்

அவருடைய முகத்தைவிடப் பிடரிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒட்ட வெட்டிய மயிர். இடது காதுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டியில் பஸ் தூசி. மூன்று வருடத்துக்கும் மேலாகப் பதினைந்து நாளுக்கொருமுறை பார்த்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்வது மரியாதையில்லை என்று தெரியும். ஆனால் அவர் அப்படித்தான் நின்றார். பக்கத்தில் யாராவது எதையாவது திறந்தால், எடுத்தால், வாசித்தால், அவர் முகத்தை விலக்கி அங்காலை திரும்பிவிடுவார்.

முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதைக் கண்டேன். என் மனைவி நல்ல கோப்பை எடுப்பதற்காக அலுமாரியைத் திறந்தாள். அவர் கதிரையை விட்டு எழும்பி, வாசலில் போய் நின்று, முருங்கை மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அலுமாரி பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்து இருந்தார். அவர் போனதும் மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

"என்ன, உந்த மனிசனுக்கு எங்கடை வீடு பிடிக்கேல்லையோ? இருக்க முள்ளுக் குத்தினமாதிரி எழும்பி ஓடுறார்."

"அலுமாரிக்குள்ளை பாக்கக்கூடாதெண்டு போனவர்."

"அதுக்குள்ளை என்ன கிடக்கு பாக்க? என்ரை ரெண்டு சீலை. ஒண்டு கிழிஞ்சது."

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவில், சுருவிலுக்கும் நாரந்தனைக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. மற்ற எல்லாம் உவர். அந்தக் கிணற்றில் பம்பு பூட்டி, பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டி, ஒரு வெளிநாட்டு உதவித் திட்டக்காரர் ஒரு கொம்பியூற்றரையும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். இங்கிலீசு எழுத்துகளைப் பஸ் பலகைகளையும் சவர்க்காரப் பெட்டிகளையும் பார்த்துப் பழகி வைத்திருந்தேன். அறையைத் திறப்பதும், காலையில் மின்சார எஞ்சினைப் போடுவதும், பின்னேரம் நிற்பாட்டுவதும் என் வேலை. மெசினைப் பார்க்க யாழ்ப்பாணக் கந்தோரிலிருந்து, திட்டத்தின் அலுவலகத்திலிருந்து, வருகிறவர்தான் இவர். செவ்வாய்க்கிழமை எங்களிடம் வருவார். அடுத்த நாள் இதே போன்ற இன்னொரு மெசினைப் பார்க்க நயினாதீவுக்குப் போவார்.

என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நான் "சேர்" என்றேன். "சேர் வேண்டாம் அண்ணை, தம்பி எண்டு கூப்பிடுங்கோ" என்றார். கந்தோர்க்காரரைத் தம்பி என்று கூப்பிட எனக்கு நா வரவில்லை. அதனால் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவையென்றால் இருமுவேன். அவர் திரும்பிப் பார்ப்பார்.

ஒருமுறை நயினாதீவு மெசினுக்குப் பற்றரி தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைவரை அவரோடு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, ஜேர்மனியிலிருந்து மகன் போட்ட கடிதத்தை நீட்டி, வாசிக்கச் சொன்னார். இவர் தயங்கித் தயங்கி வாங்கினார். மெல்லிய குரலில், அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தார். பஸ்ஸில் எல்லாரும் காதை நீட்டிக்கொண்டிருந்தோம். பாதிக் கடிதத்தில் நிறுத்தி, மடித்துக் கொடுத்துவிட்டார்.

"ஏன் தம்பி, முடிஞ்சுதோ?"

"உங்களுக்கு எழுதினது முடிஞ்சுது அம்மா. மிச்சம் உங்கடை மருமகளுக்கு எழுதினது. அவவிட்டைக் குடுங்கோ."

"அவளுக்கு அப்பிடி என்னத்தை எழுதியிருக்கிறான்?"

"அதை நான் பாக்கேல்லை. பேரைக் கண்டதோடை நிப்பாட்டிட்டன்."

பின் இருக்கையிலிருந்து ஒருவர், "உவரை வைச்சுக் கடிதம் வாசிக்கிறதிலும் பாக்கக் கண்ணை மூடிக்கொண்டு நாங்களே வாசிக்கலாம்" என்றார். பஸ் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

இதனால் அவருக்கு அடியும் விழுந்திருக்கிறது. பண்ணைப் பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, பைகளைக் கொட்டிப் பார்த்தார்களாம். முன்னால் நின்ற பெண்ணின் பையைக் கொட்டியபோது இவர் கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். எதையோ மறைக்கிறான் என்று ஆமிக்காரனுக்குச் சந்தேகம். கன்னத்தில் ஒன்று கொடுத்து, ஒரு மணித்தியாலம் வெயிலில் முட்டுக்காலில் வைத்திருந்தார்கள். இதை எனக்குச் சொன்னது பஸ் கொண்டக்டர். "அடுத்த முறையாவது நேரை பாப்பார் எண்டு நினைச்சன். அந்தாள் பேந்தும் கடலைத்தான் பாக்குது" என்றார் அவர்.

நான் அவரிடம் ஒருநாள் கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று.

"தெரிஞ்சுகொண்டு தெரியாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது அண்ணை," என்றார். "முகம் காட்டிக் குடுத்திடும். அதாலை தெரியாமலே இருந்திடுறன்."

இனி அந்த மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிணற்றில் அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறும். மெசின் தண்ணீரின் உப்பை அளந்துகொண்டேயிருக்கும். குறித்த அளவைத் தாண்டினால் பம்பை நிற்பாட்டிவிடும். அந்த அளவு எவ்வளவு என்பதை மெசினுக்குள் போய் மாற்றலாம். அதற்கு 'றூட்' என்ற பெயரை அடித்து உள்ளே போக வேண்டும். அந்தப் பெயரில் போகிறவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. மெசின் ஓடுகிற முறைக்கு யூனிக்ஸ் என்று பெயர் சொன்னார். காலையில் எஞ்சினைப் போட்டதும் மெசினுக்கு ஒன்றுமே ஞாபகம் இராது. மேல் வாயில் போட்டிருக்கிற ரேப்பை, பாட்டுக் கசெற்றைவிடக் கொஞ்சம் பெரியது, முழுதாக வாசித்துத்தான் தான் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்துகொள்ளும். தினமும் காலையில் புதிதாகப் பிறக்கிற மாதிரி. உப்பு அளவு மட்டும் பம்போடு இருக்கிற பெட்டியில் தனியாகப் பதிந்து கிடக்கும், எஞ்சின் நின்றாலும் அழியாது.

கம்பனியிலிருந்து வந்த ரேப்பில் றூட்டுக்குச் சாவிச் சொல் கிடையாது. பெயரை அடித்தால் போதும், திறந்துவிடும். முதல் வருடம் அப்படியே இருந்தது. யாருக்கும் அது தெரியாது, அவரைத் தவிர. ஆனால் கோடை தொடங்கியதும் தோட்டக்காரர்கள் அவரை வழிமறித்தார்கள். காலை இரண்டு மணித்தியாலம் தோட்டங்களுக்கு, மிச்சம் குடிதண்ணீர்த் தாங்கிக்கு என்பது ஒழுங்கு. உப்பு ஏறி மெசின் நின்றால் தோட்டத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான்.

"தம்பி, உமக்கு மாத்தத் தெரியுந்தானே? கொஞ்சம் கூட்டிவிட்டா என்ன குறைஞ்சுபோம்?"

தெரியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கேட்கக் கேட்க முகம் சிவந்து நின்றார். அடுத்த முறை வரும்போது கந்தோரில் ஒரு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். றூட்டுக்கு ஒரு சாவிச் சொல் போடப் போகிறார். அது அவருக்கும் தெரியாமல் இருக்கப் போகிறது.

எங்கள் அம்மன் கோயில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு ஐயர் வீட்டில், மற்றது கோயில் மனேச்சர் வீட்டில். இருவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். எத்தனையோ தலைமுறையாக அப்படி. இவர் அதைக் கேள்விப்பட்டிருந்தார். மெசின் எட்டு எழுத்து வாங்கும். நாலு மனேச்சருக்கு, நாலு ஐயருக்கு.

மனேச்சருக்கு ஊரில் அதிக வெங்காயத் தோட்டம் இருந்தது. ஐயருக்கு ஒரு பாத்தி நிலமும் இல்லை. அதனால் ஊர் இதை ஒத்துக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் பம்பு அறைக்கு வந்தார்கள். ஒருவர் உள்ளே போய் நாலு எழுத்தை அமத்திவிட்டு வெளியே வர வேண்டும், மற்றவர் போக வேண்டும். சரியோ என்று பார்க்க மெசின் அதையே இன்னொருமுறை கேட்கும். அவர் வேலியோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பிழைச்சா மெசின் வெடிக்குமோ?" என்று மனேச்சர் கேட்டார்.

"வெடிக்காது. திரும்பக் கேக்கும்."

"ஐயா, பாத்து அமத்தும். மந்திரம் சொல்லுறமாதிரி இழுத்துக்கொண்டு போயிடாதையும். நாலோடை நிப்பாட்டும்."

ஐயர் உள்ளே போய்விட்டுப் பதறிக்கொண்டு வந்தார். "தம்பி, நான் அமத்தினது ஒண்டும் திரையிலை விழேல்லை."

"விழாது ஐயா. விழுந்தா ஆரும் பாத்திடுவினம்."

"ஆர் பாக்கிறது? நீர்தான் வேலியிலை ஓணானைப் பாத்துக்கொண்டு நிக்கிறீரே!"

முதல் முறை இரண்டும் பொருந்தவில்லை என்று மெசின் சொல்லியது. மனேச்சர் ஐயரைப் பார்த்தார், ஐயர் மனேச்சரைப் பார்த்தார். இரண்டாம் முறை பொருந்தியது. பிறகு அவர் உள்ளே வந்து, உப்பு அளவை எப்படி மாற்றுவது என்று ஒருமுறை செய்து காட்டினார். "ரெண்டு பேரும் சேந்து ஊருக்குத் தேவையெண்டு நினைச்சா மட்டும்" என்றார்.

ஆனால் அந்தச் சொல் அப்போது மெசினின் ஞாபகத்தில்தான் இருந்தது. எஞ்சினை நிற்பாட்டினால் போய்விடும். அதைப் புது ரேப்பில் எழுதி, அடுத்த நாளிலிருந்து அந்த ரேப்பைப் போட்டால்தான் நிலைக்கும். கீழ் வாயில் புது ரேப்பைப் போட்டார். எழுத நாற்பது நிமிடம். அதுவரை பம்பு ஓடாது. நாலு மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டால் ஊரடங்கு.

"பச்சை விளக்கு மின்னி முடியுமட்டும் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ அண்ணை. முடிஞ்சதும் மேல் வாயிலை இருக்கிறதை எடுத்திட்டுப் புதுசை அதிலை போடுங்கோ." பழையதில் 'பழசு' என்றும் புதியதில் 'புதுசு' என்றும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்காகத்தான்.

அவர் போய் இருபது நிமிடத்தில் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். தாங்கி வெறுமை. முப்பது பேர் இருக்கும்.

"என்ன, இண்டைக்குத் தண்ணி இல்லையோ?"

"கேக்கிறம், உவருக்கு வாயில்லையோ?"

"அடுப்பிலை உலை கிடக்கு. நாங்கள் உதிலை நிண்டு விளக்குப் பாக்கவோ?"

இன்னும் இருபது நிமிடம் நில்லுங்கோ. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சிறு வயதிலிருந்தே எனக்குக் கூட்டத்துக்கு முன்னால் பேச்சு வராது. பெண்கள் கூட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். நான் உள்ளே போய் மெசினை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். மேல் வாயில் இருந்த பழசை வாசித்து அது எழும்பியது. பம்பு ஓடியது. பாதி எழுதின புதுசை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். அவர் அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். "விளக்கு அணைஞ்சுதோ அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் சோதித்துப் பார்க்கவில்லை. றூட் என்று ஒருமுறை அடித்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். ஆனால் அது இனி அவருடைய கதவில்லை. அந்தப் பெயரைக்கூட அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. என் லாச்சியையும் திறக்கவில்லை. நான் ஏதோ கடதாசி எடுக்க லாச்சியை இழுத்தபோது வழக்கம்போல அங்காலை திரும்பினார். அதற்குள்தான் புதுசு கிடந்தது.

அப்படியே மூன்று மாதம் போனது. மெசினுக்குச் சொல் இருக்கிறது என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. சொல்லில்லாத பழசு தினமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் விளங்கியும் விளங்காமலும் இருந்தேன். பழசு ஓடினால் சொல் போய்விடும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. மெசின் எப்படியாவது அதைப் பிடித்து வைத்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கடும் வெயில். பம்பு அரை மணித்தியாலத்தில் நிற்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் மனேச்சர் தனியாக வந்தார். "நீர் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்" என்றார். நான் போனேன். திரும்பி வந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மனேச்சர் போய்விட்டார். ஐயரும் வந்து போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது.

பம்பு நிற்காமல் ஓடியது. பத்தாம் நாள் தாங்கியடியில் ஒரு பெண் வாயில் விட்ட தண்ணீரைத் துப்பினாள். அடுத்த நாள் எல்லா வீட்டிலும் பால் தேத்தண்ணி திரைந்தது. கிணறு உப்பாகிவிட்டது.

மனேச்சர் தனியாக அறைக்குள் போனதை ஊரில் கண்டவர்கள் இருந்தார்கள். அளவை மாற்ற எட்டு எழுத்தும் வேண்டும். அப்படியென்றால் ஐயர் தன்னுடைய நாலையும் மனேச்சருக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கு இதில் சந்தேகமே வரவில்லை. மனேச்சர் தோட்டத்தைக் காக்கச் செய்தார், அவர் கதை அப்படித்தான். ஆனால் ஐயர்?

"தண்ணியைக் குடுத்தவர் அம்மன்ரை நகையைக் குடுக்க எவ்வளவு நேரம்?"

சந்தியில் கடை வைத்திருந்தவர்தான் இதை முதலில் சொன்னார். அவரும் கோயில் சபையில் ஒருவர். ஐயர் சபையில் எழுந்து, "நான் குடுக்கேல்லை" என்று ஒருமுறை சொன்னார். மறுபடி சொல்லவில்லை. மடியிலிருந்த திறப்பை எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தார். "உங்கடை சந்தேகம் தீருமட்டும் வைச்சிருங்கோ." அடுத்த செவ்வாய் பின்னேரம் திரும்பக் கூடி, நயினாதீவிலிருந்து வேறு ஒரு ஐயரை அழைப்பதா என்று முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். ஐயர் குடும்பத்துக்கு அந்தக் கோயிலை விட்டால் வேறு பிழைப்பில்லை. மனேச்சர் அன்று சபையில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாராம்.

அந்தச் செவ்வாய் மெசினைப் பார்க்க அவர் வந்தார். பஸ்ஸிலேயே கேள்விப்பட்டிருந்தார். அறைக்குள் வந்து, சொல் போட்ட பிறகு முதல் தடவையாக றூட் என்று அடித்தார். சொல் கேட்காமலே மெசின் திறந்துவிட்டது. மேல் வாயிலிருந்த ரேப்பை இழுத்துப் பார்த்தார். தன் கையெழுத்தில் 'பழசு'.

நான் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அண்ணை, நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை."

"நான் அண்டைக்கு…" என்று தொடங்கினேன்.

கையைத் தூக்கினார். "என்னட்டைச் சொல்லாதேங்கோ. எனக்குச் சொன்னா உங்கடை மனம் ஆறிடும், அதோடை முடிஞ்சிடும். ஐயர் அங்கை நிக்கிறார். பின்னேரம் வாங்கோ."

கோயில் மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். ஐயர் தூணோரம் நின்றார், இருக்கவில்லை. எங்கள் கந்தோர்க்காரர் எழுந்து, மெசினில் சொல்லே இல்லை, பழைய ரேப்பிலேயே இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது, ஐயர் கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னார்.

"நான் ஒருக்கால் கதவைத் தட்டிப் பாத்திருந்தா விளங்கியிருக்கும். என்ரை கதவில்லை எண்டு தட்டாமல் விட்டனான். அது என்ரை பிழை."

கடைக்காரர் விடவில்லை. "தம்பி, நீர் மெசின்ரை ஆள். மெசினுக்கும் சொல்லுவீர், ஐயருக்கும் சொல்லுவீர். பழைய ரேப்பு தானாப் போய் ஏறினதோ? அப்ப ஆர் போட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பம்பு அறைத் திறப்பு என்னிடம்தானே. நான் எழுந்து நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கடைக்காரர், "சொல்லுமன் ஓய், நாக்கை விழுங்கிட்டீரோ?" என்றார்.

அப்போது கந்தோர்க்காரர் சொன்னார். "எல்லாரும் ஒருக்கால் அங்காலை திரும்புங்கோ."

"என்னத்துக்கு?"

"ஒராள் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். அந்த நேரம் மற்ற ஆக்கள் பாக்கிறேல்லை."

யாரோ சிரித்தார்கள். ஐயர்தான் முதலில் திரும்பினார், மூலஸ்தானத்தைப் பார்த்து. பிறகு மனேச்சர். பிறகு ஒவ்வொருவராக. கடைசியாகக் கடைக்காரரும், "இதென்ன கூத்து" என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். திரும்பச் சொன்னவர் ஏற்கெனவே வெளிவீதிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். எனக்கு முன்னால் பன்னிரண்டு முதுகு.

"நான்தான் பழசை ஓடவிட்டனான்," என்றேன். "தண்ணி அள்ள வந்த ஆக்களை நிக்கச் சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு. புதுசு பாதியிலை நிண்டிட்டுது. அது என்ரை லாச்சியிலை கிடக்கு. ஐயரிலை ஒரு பிழையும் இல்லை."

அவர்கள் திரும்பினார்கள். யாரும் என்னை ஏசுவதற்கு முன்னால் மனேச்சர் பேசினார்.

"என்னட்டை அது சொல்லே கேக்கேல்லை. பேரை அடிச்சன், திறந்துது. ஐயற்றை நாலு இல்லாமல் என்னண்டு திறந்துது எண்டு நான் ஆரையும் கேக்கேல்லை. வெங்காயம் வாடிக்கொண்டு நிண்டுது." ஐயர் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு ஐயர் திறப்பை வைக்கேக்கையும் நான் சொல்லேல்லை."

மடியிலிருந்து தன்னுடைய திறப்பை எடுத்து நிலத்தில் வைத்தார். கடைக்காரர் ஐயரின் திறப்பை அதன் பக்கத்தில் வைத்தார். ஐயர் வந்து குனிந்து தன்னுடையதை எடுத்து மடியில் செருகினார். மற்றதைக் காலால் அல்ல, கையால், மனேச்சர் பக்கம் தள்ளிவிட்டார்.

"எடும். வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்த வேணும். என்ரை ஒண்டாலை பெட்டி திறக்காது."

மனேச்சர் உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். ஐயர் வெளிவீதிப் பக்கம் பார்த்து, "தம்பி, இனித் திரும்பலாம்" என்றார். அவர் இன்னும் அங்காலைதான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே இருவரும் புதிதாக நாலும் நாலும் போட்டார்கள். பச்சை விளக்கு முடியும்வரை அவர் போகவில்லை. கடைசி பஸ் போய்விட்டது, எங்கள் வீட்டில்தான் தங்கினார். என் வேலை போகவில்லை. வேலையை என்னிடமே விடச் சொல்லி அவர் கந்தோரில் கேட்டதாகப் பிறகு கொண்டக்டர் சொன்னார்.

கிணறு அப்படித் திரும்பவில்லை. ஒரு மாரி பெய்தும் உப்புக் குறையவில்லை. பெண்கள் முக்கால் மைல் நடந்து அடுத்த ஊர்க் கிணற்றில் அள்ளினார்கள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நல்ல தண்ணீருக்கு அங்கேயும் ஏச்சு வாங்கித்தான் அள்ளினார்கள். பம்பு அறைக்கு முன்னாலுள்ள ஒழுங்கையால்தான் போக வேண்டும். அவர்களை நான் இருபது நிமிடம் நிற்கச் சொல்லவில்லை. இரண்டு வருடம் நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் கிணற்றுத் தண்ணீரை அளந்து, உப்பின் அளவைச் சுண்ணக்கட்டியால் அறைச் சுவரில் எழுதுவார். சில நேரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் வரிசையாக வருவார்கள், வியர்வையும் தண்ணீரும் ஒழுக, சீலை நனைந்து ஒட்டியபடி. வேறு எந்த நேரத்திலும் அவர் வேலியைப் பார்த்துத் திரும்பியிருப்பார். இதற்கு மட்டும் திரும்பவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் போகும்வரை அவர்களுடைய முகங்களைப் பார்த்து நின்றார்.

நான்தான் அங்காலை திரும்பிக்கொண்டேன்.